திருவருகைக் காலத்துக்கு என்ன திட்டம் போடுவது? யாங்கோன் தம்பிக்கு ஒரு பதில்

யாங்கோனில் தமிழர் அதிகம் உள்ள ஒரு சின்னக் கத்தோலிக்கப் பங்கில் புதிதாகப் பேரவைச் செயலாளர் ஆகியிருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அண்ணே, நவம்பர் கடைசியில் கிறிஸ்மஸுக்கு முந்தைய திருவருகைக் காலம் தொடங்குகிறது. கிறிஸ்மஸ் முடியும்வரை என்னென்ன நிகழ்ச்சி வைக்கலாம்? எல்லாம் தமிழில்தான் வேண்டும் என்று பெரியவர்கள் நிற்கிறார்கள். பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, பர்மியத்துக்கே மாற்றிவிடலாம் என்று இளைஞர் குழு சொல்கிறது. நடுவில் கரண்டு, ஊரடங்கு வேறு. எப்படித் திட்டம் போடுவது?"

தம்பி, நான் குரு இல்லை, இறையியல் படித்தவனும் இல்லை. பாடகர் குழுவில் முப்பது வருஷத்துக்கு மேல் ஆர்மோனியம் வாசித்தவன், அவ்வளவுதான். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வாசகத்தைப் பர்மியத்தில் வை, பாட்டைத் தமிழில் வை, வீடு வீடாகப் போகும் பஜனைக்கு அதிக நாள் ஒதுக்கு. உன் பெரியவர்களும் இளைஞர்களும் இதற்கு ஒரே மாதிரி கோபப்படுவார்கள். படட்டும்.

முதலில் நாட்காட்டி. 2026-இல் திருவருகையின் முதல் ஞாயிறு நவம்பர் 29. அப்புறம் டிசம்பர் 6, 13, 20. கிறிஸ்மஸ் வெள்ளிக்கிழமை. நடுவில் டிசம்பர் 3 சவேரியார் திருநாள், 8-ஆம் தேதி செவ்வாய் அமல உற்பவ மாதா பெருவிழா. 27 ஞாயிறு திருக்குடும்பத் திருவிழா. ஜனவரி 1 மரியா இறைவனின் தாய் பெருவிழா. திருக்காட்சியை ஞாயிறுக்கு மாற்றிக் கொண்டாடும் இடங்களில் ஜனவரி 3, ஆண்டவரின் திருமுழுக்கு ஜனவரி 10. கிறிஸ்மஸ் காலம் அன்றைக்குத்தான் முடிகிறது. 26-ஆம் தேதி காலையிலேயே குடிலைப் பிரித்துப் பெட்டியில் போடும் ஆர்வக்கோளாறு நம் பங்கில் உண்டு. மூன்று இராசாக்கள் ஒட்டகத்தில் வந்து சேரும்போது தொழுவம் காலியாக இருக்கிறது. இந்த வருஷமாவது சாவியை நீ வைத்துக்கொள்.

ஊதா உடை, மூன்றாம் ஞாயிறு மட்டும் ரோஜா நிறம் என்பதெல்லாம் சாமியாருக்குத் தெரியும். பாடகர் குழுவுக்கு ஒன்று மட்டும் நினைவுபடுத்து. திருவருகை ஞாயிறுகளில் 'உன்னதங்களிலே' கீதம் கிடையாது. ஆனால் டிசம்பர் 8 அன்று உண்டு. இரண்டு வாரம் பாடாமல் பழகிவிட்டு அன்றைக்கும் வாயை மூடிக்கொண்டு நிற்பார்கள். நானே நின்றிருக்கிறேன்.

இது மாற்கு ஆண்டு, ஞாயிறு நற்செய்தி பெரும்பாலும் மாற்குவிடமிருந்து வரும். மாற்கு நற்செய்தியில் தொழுவம் கிடையாது, இடையர் கிடையாது, விண்மீனும் கிடையாது. நேராக யோவான் பாலைநிலத்தில் நின்று குரல் கொடுப்பதில் தொடங்கிவிடுகிறார். அதனால்தான் நான்காம் ஞாயிறுக்கு லூக்காவிடம் போய் கபிரியேல் தூதரை அழைத்து வருகிறார்கள். முதல் ஞாயிறின் நற்செய்தி, வெளியூர் போகும் வீட்டுத் தலைவர் வாயில்காவலரை விழித்திருக்கச் சொல்வது. யாங்கோன் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். காம்பவுண்டு கேட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் தர்வானைத் தினம் பார்க்கிறார்கள். ஞாயிறு வகுப்புப் பிள்ளைகள் நடிக்க வருஷா வருஷம் அதே சத்திரக்காரர் கதைதானா? இந்த முறை தர்வானை வைத்துப் பத்து நிமிஷ நாடகம் போடு. வசனம் பர்மியத்திலேயே இருக்கட்டும். உடைக்குச் செலவு வேண்டாம். பழைய கொசுவலையில் தேவதூதருக்கு இறகு, அப்பாக்களின் கட்டம் போட்ட லொங்ஜியில் இராசாக்களுக்கு அங்கி.

மெழுகுவர்த்தி வளையம் வேண்டுமா என்று இளைஞர் குழு கேட்கும். வைக்கலாம். அது பழங்காலத்துச் சடங்கு என்று யாராவது பிரசங்கம் செய்தால் நம்பாதே. ஜெர்மனியில் ஹம்பர்க் பக்கத்தில் ஏழைப் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய விக்கர்ன் என்ற புரொட்டஸ்டண்ட் போதகர் 1839-இல் செய்தது. கிறிஸ்மஸ் எப்போது, எப்போது என்று பிள்ளைகள் நச்சரிக்க, ஒரு பழைய வண்டிச் சக்கரத்தில் ஞாயிறுகளுக்கு நாலு பெரிய மெழுகுவர்த்தி, மற்ற நாட்களுக்குச் சின்ன மெழுகுவர்த்தி என்று ஏற்றிவைத்தார். கத்தோலிக்கக் கோயில்களுக்கு அது பிறகுதான் வந்தது. ஊதா மெழுகுவர்த்திக்குக் கடை கடையாக அலையாதே. பித்தளைத் தாம்பாளத்தில் குரோட்டன்ஸ் இலை பரப்பி நாலு அகல் வைத்து, மூன்றில் ஊதா ரிப்பன், ஒன்றில் ரோஜா ரிப்பன் கட்டு. பாட்டிமார்களுக்கு அகல் விளக்கு பழகிய பொருள். யார் ஏற்றுவது என்று சண்டை வரும். முதல் ஞாயிறு பங்கிலேயே வயதில் மூத்தவர், கடைசி ஞாயிறு அந்த வருஷம் முதல் நற்கருணை வாங்கிய பிள்ளை என்று இப்போதே எழுதி ஒட்டிவிடு.

இனி மொழி விஷயம். பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாததற்குப் பிள்ளைகள் காரணமில்லை. 1964-இல் கடைகள் தேசியமயமாகி நம் ஆட்கள் கப்பல் கப்பலாக ஊர் திரும்பினார்கள். மறு வருஷம் மிஷன் பள்ளிகளை அரசு எடுத்துக்கொண்டது. 1966-இல், சுதந்திரத்துக்குப் பிறகு வந்த வெளிநாட்டுக் குருக்களை நாட்டைவிட்டு அனுப்பினார்கள். மிஞ்சியவர்களுக்குத் தமிழ் எழுத்து கிடைத்த ஒரே இடம் கோயில். உபதேசியார் ஞாயிறு பூசை முடிந்து சிலேட்டில் எழுதிக்காட்டியதைத் தவிர எனக்கே வேறு தமிழ்ப் பள்ளிக்கூடம் கிடையாது. அப்படியிருக்க, 'தமிழில் வாசகம் வாசிக்கத் தெரியாதவன் பீடத்தில் ஏறக் கூடாது' என்று நாம் சொல்வது நியாயமா?

வாசகம் என்பது புரியவேண்டியது. புரியாத மொழியில் எசாயாவை எவ்வளவு அழகாக வாசித்தாலும் கடைசி வரிசைப் பையன் போனைத்தான் பார்ப்பான். பாட்டு வேறு. நாலு வயதில் அம்மா மடியில் கேட்ட பாட்டு, அர்த்தம் தெரிவதற்கு முன்பே வாயில் வந்துவிடும். அர்த்தம் பின்னால் மெதுவாக வரட்டும். மறதி நோயில் மகன் பெயரையே மறந்த ஒரு அம்மாவின் வீட்டுக்கு ஒரு முறை பஜனைக்குப் போனோம். இரண்டாவது சரணத்தில் நாங்கள் வார்த்தையைத் தவறாகப் பாட, திருத்தியது அவர்தான்.

பாட்டைத் தமிழில் பாட, பிள்ளைகளுக்குப் பர்மிய எழுத்தில் எழுதிக்கொடுக்கிறோம். இங்கேதான் கவனம் வேண்டும். பர்மியத்தில் ரகரத்துக்கு எழுத்து இருக்கிறது. ஆனால் இன்றைய பேச்சில் அதை யகரமாகத்தான் வாசிப்பார்கள். ரங்கூன் யாங்கோன் ஆன அதே கதை. நீ 'ராஜா' என்று எழுதிக்கொடுத்தால் பிள்ளை 'யாஜா' என்று பாடும். ல, ள, ழ மூன்றும் ஒன்றாகிவிடும். வார்த்தைக் கடைசியில் நிற்கும் மெய்யை விழுங்கிவிடும், இல்லையென்றால் மூக்கால் பாடும். 'பாலன்' என்பது 'பாலங்' ஆகும். ஒரு வருஷம் பதினெட்டுப் பிள்ளைகள் சேர்ந்து 'யாஜா, யாஜா' என்று பாட, முன்வரிசைத் தாத்தா ஒருவர் கண்ணீர் வரச் சிரித்தார். அவருக்குச் சிரிப்பு, பிள்ளைகளுக்கு அவமானம். அடுத்த வருஷம் அதில் பாதிப் பேர் பாட வரவில்லை.

அதிலிருந்து நான் செய்வது இது. முதல் மூன்று ஒத்திகைக்குக் காகிதமே கிடையாது. ஒரு வரி நான் பாடுவேன், அவர்கள் திருப்பிப் பாடுவார்கள். காது பிடித்த பிறகு அட்டையைக் கொடுப்பேன். அட்டையில் ரகரம் வரும் இடத்தில் எல்லாம் சிவப்பு மையில் ஒரு சுழி. சிவப்பைக் கண்டால் நாக்கை உருட்டு, அவ்வளவுதான் விதி. நாலு பாட்டு போதும். பத்துப் பாட்டைப் பாதி பாதியாகத் தெரிந்துகொள்வதைவிட நாலைத் தூக்கத்திலும் பாடும் அளவுக்குத் தெரிந்துகொள்ளட்டும். ஒத்திகையை அக்டோபர் கடைசி ஞாயிறில் தொடங்கிவிடு.

பஜனைக்கு வருவோம். டிசம்பர் 14-இலிருந்து 22 வரைக்குள் ஐந்து மாலை எடுத்துக்கொள். ஐந்து மணிக்குக் கிளம்பி ஏழரைக்குள் எல்லோரும் வீடு திரும்பிவிட வேண்டும். ஊரடங்கு நேரம் மாறிக்கொண்டே இருந்ததைப் பார்த்தவர்கள் நாம். போன வருஷ நினைவில் திட்டம் போடாதே. இரண்டு வாரம் முன்பே வார்டு அலுவலகத்தில் எந்தத் தெரு, எத்தனை பேர், எத்தனை மணி என்று எழுதிக் கொடுத்துவிடு. வெளியூரிலிருந்து பாட வருபவர்கள் கோயில் வளாகத்தில் இரவு தங்கினால் அதற்குத் தனியாக விருந்தாளிப் பதிவு வேண்டும். இதில் சோம்பல் படாதே. ஒலிபெருக்கி வேண்டவே வேண்டாம். ஒரு வருஷம் இளைஞர்கள் ரிக்‌ஷாவில் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு போனார்கள். மூன்றாவது தெருவில் அக்கம்பக்கத்துக்காரர்கள் புகார் செய்து நிறுத்தினார்கள். தப்பு நம்முடையதுதான். இந்த முறை 24-ஆம் தேதி பௌர்ணமியை ஒட்டி வருகிறது. பௌத்த வீடுகளில் நோன்பு போல சீலம் எடுத்திருப்பார்கள். ஆர்மோனியம், டோலக், தாளம் போதும்.

ஒரு வீட்டுக்குப் பன்னிரண்டு நிமிஷம். ஒரு தமிழ்ப் பாட்டு, லூக்கா இரண்டாம் அதிகாரத்தில் இடையர் பகுதி பர்மியத்தில் ஏழெட்டு வசனம், இன்னொரு பாட்டு, வீட்டில் நோயாளி இருந்தால் பெயர் சொல்லி ஒரு செபம். வாசிப்பது எப்போதும் அந்த வீட்டுப் பிள்ளையாக இருக்கட்டும். வாசலில் நின்று பார்க்கும் பக்கத்து வீட்டுப் பர்மியக்காரருக்கும் நாம் எதைப் பாடினோம் என்று அதில்தான் புரியும். வீடுகளை எழுதும்போது வயதானவர்கள், நடக்க முடியாதவர்கள், தனியாக இருப்பவர்கள் முதலில். பெரிய விருந்து வைக்கும் வீடு கடைசி நாள். முதல் நாளே அங்கே போனால் அப்புறம் யாரும் பாடமாட்டார்கள்.

டவுன்டவுன் கட்டிடங்களின் மாடிப்படி உனக்குத் தெரியும். லிஃப்ட் இல்லாத ஏழு மாடி, ஏணி போல நிமிர்ந்த படி, கரண்டு போனால் கும்மிருட்டு. எல்லா மாடிக்கும் ஏற முடியாது. ஆறாவது மாடிப் பாட்டி ஒருவருக்காகத் தெருவிலேயே நின்று பாடினோம். பாடி முடித்ததும் பால்கனியிலிருந்து கயிறு இறங்கியது. சாவியும் பேப்பரும் மேலே இழுப்பார்களே, நுனியில் கிளிப் மாட்டிய அதே கயிறு. கிளிப்பில் காணிக்கை உறை, அதன் கீழே பிளாஸ்டிக் பையில் அச்சுமுறுக்கு. உறையை எடுத்துக்கொண்டு கயிற்றை விட்டால் அது மேலே போகவில்லை. நிமிர்ந்து பார்த்தோம், பாட்டி கையை ஆட்டிக்கொண்டிருந்தார். இன்னொரு பாட்டு வேண்டுமாம். பாடினோம், கயிறு மேலே போனது.

காணிக்கையை அன்றன்றைக்கே இரண்டு பேர் எண்ணி, தொகையைக் கோயில் பலகையில் எழுதிவிடு. எங்கள் காலத்தில் கணக்கு ஜனவரியில் சொல்லலாம் என்று விட்டதில் ஒரு குடும்பம் நான்கு வருஷம் கோயில் பக்கமே வரவில்லை.

நட்சத்திரம் கடையில் கிடைக்கும், பேட்டரியில் எரியும். இருந்தாலும் கோயிலுக்கு ஒன்றைப் பிள்ளைகள் கையால் செய்யட்டும். மூங்கிலை விரல் அகலத்துக்குப் பிளந்து, ஐந்து முனை வைத்த சட்டம் இரண்டு கட்டி, நடுவில் குச்சி கொடுத்து விரித்தால் வயிறு உப்பி நிற்கும். மேலே காற்றாடித் தாள், மைதாப் பசை. பசையில் துளி மயில்துத்தம் கலந்தால் கரப்பான் தின்னாது. அதைப் பெரியவர் ஒருவரே கலக்கட்டும், அது விஷம். உள்ளே மெழுகுவர்த்தி வைக்காதே. நான் வைத்துப் பார்த்திருக்கிறேன். காற்று திரும்பியதும் தாள் பற்றி, எரிகிற நட்சத்திரம் மாட்டின கயிற்றோடு குடில் கூரை வைக்கோலில் விழுந்தது. ஈரச் சாக்கோடு ஓடிவந்த கோயில் பிள்ளை (கோயில் வேலை பார்ப்பவர்) இல்லையென்றால் அந்த வருஷம் தொழுவமும் இல்லை, பாலனும் இல்லை.

24-ஆம் தேதி பூசை நேரம் பற்றி முணுமுணுப்பு கட்டாயம் வரும். 'நடுராத்திரி இல்லாத பூசை என்ன கிறிஸ்மஸ் பூசை?' என்று. திருப்பலிப் புத்தகத்தில் கிறிஸ்மஸுக்கு நாலு பூசை இருக்கிறது: திருவிழிப்பு, இரவு, விடியல், பகல். இரவுப் பூசை என்றுதான் பெயர், பன்னிரண்டு மணி என்று எங்கும் எழுதவில்லை. ரோமையிலேயே 2009-இல் பதினாறாம் பெனடிக்ட் இரவு பத்து மணிக்கு மாற்றினார். 2020-இல் இத்தாலியில் ஊரடங்கு இருந்தபோது பிரான்சிஸ் பாப்பரசர் ஏழரைக்கே வைத்தார். பாப்பரசர் ஊரடங்குக்கு அடங்கினால் நாமும் அடங்கலாம். மாலை ஐந்தரைக்கு வை. பூசைக்கு முன் கிறிஸ்து பிறப்பு அறிவிப்பை நல்ல குரல் உள்ள ஒருவர் தமிழில் பாடட்டும். நற்செய்தி பர்மியத்தில். 'உன்னதங்களிலே' தமிழில், மணிகளோடு. நம்பிக்கை அறிக்கையில் 'மனிதரானார்' வரும்போது அன்று எல்லோரும் முழங்கால் படியிட வேண்டும் என்பதை முன்பே சொல்லிவிடு. பாதிப் பேர் நின்றும் பாதிப் பேர் முழங்காலிலுமாக அந்த நிமிஷம் வீணாகக் கூடாது. ஜெனரேட்டரை நம்பி கீபோர்டு வைக்காதே. பீடத்துக்கும் மாடிப்படிக்கும் வெளிச்சம் இருந்தால் போதும், பாட்டுக்கு ஆர்மோனியம் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை கிறிஸ்மஸ் என்பதால் கறி சாப்பிடலாமா என்று பாட்டிமார்கள் உன்னைத்தான் கேட்பார்கள். சாப்பிடலாம். பெருவிழா வெள்ளியில் வந்தால் கறி விலக்கும் சுத்தபோசனக் கடமை இல்லை என்று திருச்சபைச் சட்டமே சொல்கிறது. ஜனவரி 1-உம் வெள்ளிதான், அதற்கும் இதே பதில். மதிய விருந்துக்கு டன்பௌக் பிரியாணி போடுங்கள், கோழியாக இருக்கட்டும். மாட்டுக்கறி வேண்டாம். அழைக்கும் பர்மிய வீடுகளிலும் இந்து வீடுகளிலும் பலர் அதைத் தொடமாட்டார்கள்.

ஒன்றை மட்டும் விட்டுவிடாதே. 1941-இல் ஜப்பான் விமானங்கள் டிசம்பர் 23-ஆம் தேதியும் கிறிஸ்மஸ் அன்றும் ரங்கூன் மேல் குண்டு போட்டன. துறைமுகத்திலும் தெருவிலும் செத்தவர்களில் கூலிக்கு வந்த நம் ஊர்க்காரர்கள் எத்தனையோ பேர். தப்பியவர்கள் அசாம் வரை நடந்தார்கள், வழியில் செத்தவர்கள் அதிகம். எங்கள் பாட்டி கிறிஸ்மஸ் பகல் பூசை முடிந்ததும் குடில் முன்னால் ஒரு மெழுகுவர்த்தி தனியாக ஏற்றுவார். யாருக்கு என்று கேட்டால் 'அந்த கிறிஸ்மஸ்காரர்களுக்கு' என்பார். பிறகு அம்மா ஏற்றினார், இப்போது நான் ஏற்றுகிறேன். பேச்சு, அறிவிப்பு எதுவும் வேண்டாம். ஒரு மெழுகுவர்த்திக்கு இடம் விட்டால் போதும்.

26-ஆம் தேதி பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஒரு சுற்று போ. போ அவுங் ஜோ தெருவில் செங்கல் சிவப்பில் நிற்கும் புனித மரியா பேராலயம் நூறு வருஷத்துக்கும் மேல் பழையது. குடில் பார்க்கப் பௌத்தக் குடும்பங்களும் குழந்தைகளோடு வரும். அங்கிருந்து போஜோக் அவுங் சான் சாலையில் ஆங்கிலிக்கன் திரித்துவப் பேராலயம். 1886-இல் அடிக்கல் நாட்டிய அந்தக் கட்டிடத்தை வடிவமைத்தவர் ராபர்ட் சிஷோம், சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸை வடிவமைத்த அதே ஆள். நம்மைப் போலவே மதராஸிலிருந்து இங்கே வந்த வேலை என்று பிள்ளைகளிடம் சொல், கண் விரியும்.

மெதடிஸ்ட் சபைத் தமிழர்களோடு சேர்ந்து ஒரு மாலை பாடலாம், நல்ல குரல்கள் அங்கே உண்டு. ஆனால் 31 இரவு அவர்களுக்கு வாட்ச் நைட் ஆராதனை, ஜனவரி முதல் ஞாயிறு பல சபைகளில் உடன்படிக்கை ஆராதனை. அந்த நாட்களைக் கேட்காதே. டிசம்பர் 13 மாலை கேட்டுப் பார்.

கடைசியாக ஒரு வேலை. கோயில் ஆர்மோனியத்தின் துருத்தியில் ஒரு பக்கம் தோல் பிரிந்து காற்று போகிறது, மேல் ஸ்தாயியில் இரண்டு கட்டை பேசவில்லை. செப்டம்பருக்குள் கொடுத்துச் சரிசெய்துவிடு. நவம்பரில் கொடுத்தால் ஜனவரியில்தான் திரும்பி வரும்.